குதிரையின் கண்ணீரும் ஆறு பூஜ்யங்களும்

நெருப்பு, சக்கரம், தோள் படிவம். மனித இனம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் உருப்படியானவை இந்த மூன்றுதான். முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யார் என்று தெரியவில்லை. பாவம், அவர்கள் காலத்தில் வாசலில் பலகை மாட்டும் வழக்கம் இல்லை. மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் நான். என் அறை வாசலில் பலகை இருக்கிறது: 'தலைமை எதிர்வினைப் பதிவாளர்'.

அறை என்றால், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம். முன்பு அங்கே துடைப்பம் வைத்திருந்தார்கள். இப்போதும் வைக்கிறார்கள், ஆனால் என் அனுமதி பெற்று வைக்கிறார்கள்.

எங்கள் அரங்கில் இசை நாடகம் மட்டுமே நடக்கும். அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். ஒரு நாடகம் நல்ல நாடகமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தவர்கள் அழுதிருந்தால் நல்ல நாடகம் என்பது எங்கள் இயக்குநரின் கொள்கை. அவருடைய நாடகத்தில் யார் வாயைத் திறந்தாலும் பின்னால் இடி இடிக்கும். 'அம்மா' என்றாலும் இடி, 'கதவைச் சாத்து' என்றாலும் இடி. அதனால் அவரை நாங்கள் மரியாதையாக 'இடி சார்' என்று அழைப்போம், அவர் பக்கத்தில் இல்லாத நேரங்களில்.

அழுதார்களா என்பதை அறிய முன்பெல்லாம் வாசலில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். 'இந்த நாடகம் உங்களைத் தொட்டதா?' என்று கேட்டிருக்கும். 'ஏ.சி. தொட்டது' என்று ஒருவர் எழுதினார். 'கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை' என்று நாற்பது பேர் எழுதினார்கள். கலையை மதிக்கத் தெரியாத கூட்டம் என்று இடி சார் நொந்துபோயிருந்த அந்த நாட்களில், நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கை காட்டும் சாதாரண ஆளாக இருந்தேன். அந்த வேலையும் அக்கா சிபாரிசில் கிடைத்தது.

அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் சொந்த அக்கா. எங்கள் அரங்கின் குழுப்பாட்டில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். தோழி மூன்று, கூட்டத்தில் ஒருத்தி, படகில் போகிறவள் என்று அவள் ஏற்காத வேடம் இல்லை. ஒருமுறை மரமாகவும் நின்றாள். மரமாக நின்றபோது கொஞ்சம் நன்றாகவே பாடிவிட்டாள். மரத்தின் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கதாநாயகி புகார் கொடுத்ததால் மரத்தை வெட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் இருட்டில், அரங்கின் கடைசியில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அந்த ஞானம் பிறந்தது. மேடை வெளிச்சத்தில் பார்வையாளர்களின் பின்பக்கம் கறுப்பாகத் தெரிகிறது. தலை தெரிகிறது, தோள் தெரிகிறது. சோகக் காட்சி வரும்போது தோள் குலுங்குகிறது. முகம் நடிக்கும், நன்றாக இருந்தது என்று வாசலில் சிரித்துக்கொண்டே பொய் சொல்லும். தோளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுத் தோள்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இடி சாரிடம் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்ததைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. என்னையும் சேர்த்து ஆறு பதிவாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அரங்கம் ஆறு பகுதியாகப் பிரிக்கப்பட்டது. தோள் படிவம் அச்சாயிற்று. அதில் நான்கு கட்டங்கள்: தோள் குலுங்கல், கை முகத்துக்குப் போதல், கைக்குட்டை, எழுந்து வெளியே போதல். பின்பக்கத்தில் விதிகள். எல்லாம் நான் எழுதியவை. இரண்டை மட்டும் சொல்கிறேன். விதி நான்கு: 'பதிவாளர் எக்காரணம் கொண்டும் பார்வையாளரின் முகத்தைப் பார்க்கலாகாது.' விதி ஆறு: 'பதிவாளர் பார்வையாளர் ஆகார். அவருடைய தோள் கணக்கில் வராது.' ஒரு பதிவாளர் தனக்குத் தோளில் அரிப்பெடுத்ததை எல்லாம் அழுகையில் சேர்த்துவிட்டதால் வந்த விதி அது.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் வந்தது 'சாகாத ராணி'.

கதை எளிமையானது. ராணி மேல் அம்பு படுகிறது. அவள் சாக வேண்டும். ஆனால் மாளிகையின் உச்சியில் நின்று நாட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்கிறாள். முப்பத்திரண்டு படிகள். படிக்கு ஒரு பாட்டு வரி. ராணியாக நடிப்பவர் நல்ல திடகாத்திரமானவர். அம்பு பட்ட பிறகுதான் அவருடைய குரல் சூடு பிடிக்கும். முதல் நாள் இந்தச் சாவு பதினோரு நிமிடம் நடந்தது. நூற்று எண்பது தோள்கள் குலுங்கின.

இடி சார் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "ஜனங்க அழத் தயாரா இருக்காங்க. நாமதான் கஞ்சத்தனம் பண்றோம்."

மறுவாரம் மேடைக்கு மேலே குழாய் போட்டு மழை பெய்யவிட்டார். இருநூற்று நாற்பது தோள்கள். அடுத்து புகை. இருநூற்றுத் தொண்ணூறு. அதில் முப்பது இருமல் என்று நான் நேர்மையாகக் கழித்துவிட்டேன். இருமும் தோள் ஒரே எகிறாக எகிறும்; அழுகிற தோள் கிடுகிடுவென்று ஆடும். இதெல்லாம் அனுபவத்தில் வருவது. அதற்கும் அடுத்து ராணியின் குதிரை வந்தது. மூங்கிலும் துணியும் வைத்துச் செய்த குதிரை, உள்ளே இரண்டு பேர். படிக்கட்டின் அடியில் நின்று ராணியை அண்ணாந்து பார்க்கும். பார்த்துவிட்டு அழும். பின்னங்கால் ஆள் ஒரு ரப்பர் பந்தை அமுக்கினால் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். முதல் நாள் அவர் ஆர்வக்கோளாறில் பலமாக அமுக்கிவிட்டார். குதிரையின் துயரம் வயலின்காரர் மடிவரைக்கும் போனது.

நானூற்றுப் பன்னிரண்டு தோள்கள். ஆறு பதிவாளர்களும் எண்ணித் திணறினோம்; விரல்கள் போதவில்லை. அன்று இடி சார் என்னைக் கட்டிப்பிடித்தார். மேலாளர் அம்மா நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'இக்காட்சியில் பெரும்பாலோர் கண்ணீர் விடுவதால் கைக்குட்டை கொண்டுவருவது நலம்.' சாவு இருபத்தாறு நிமிடமாக உயர்த்தப்பட்டது.

இவ்வளவு மழை பெய்தால் மேடை ஈரமாகத்தானே இருக்கும்? அடுத்த காட்சியில் இளவரசன் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். எனவே ராணி செத்ததும் திரையைப் போட்டுவிட்டு, பின்னால் ஆறு பேர் மேடையைத் துடைக்க வேண்டியதாயிற்று. துடைக்க மூன்றரை நிமிடம் ஆகும். அந்த மூன்றரை நிமிடத்தை ஒப்பேற்ற இசையமைப்பாளர் ஒரு பாட்டுப் போட்டார். அரண்மனைச் சலவைக்காரி ஒருத்தி திரைக்கு முன்னால் வாளியோடு வந்து உட்கார்ந்து, செத்த ராணியின் சேலையைத் துவைத்தபடி பாட வேண்டும். வாத்தியம் இல்லை, வாத்தியக்காரர்கள் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பார்கள். இடி இல்லை, இடிக்காரரும் துடைக்கப் போயிருப்பார். யாராவது பாடினால் போதும் என்றார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள்.

பத்தொன்பது வருடத்தில் அக்கா தனியாகப் பாடிய முதல் பாட்டு அது. வீட்டில் வாளியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பழகினாள். வீட்டில் துவைக்காத துணியே இல்லாமல் போயிற்று.

*உப்பு வச்சுத் தேச்சேன், போகலை*
*வெயில்ல போட்டுப் பாத்தேன், போகலை*
*உடுத்தினவ போயிட்டா*
*இந்தக் கறை மட்டும் ஏன் போகலை*

அவ்வளவுதான் பாட்டு. இதையே மூன்று விதமாகப் பாடுவாள். கடைசியில் சேலையைப் பிழிவாள். வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்கும். அங்கே நின்று நான் படிவத்தில் எழுதுவேன்: பூஜ்யம்.

இப்படி நாற்பது காட்சிகள் முடிந்ததும் 'உணர்ச்சி மீளாய்வுக் கூட்டம்' நடந்தது. இடி சார், மேலாளர் அம்மா, இசையமைப்பாளர், நான். இடி சார் படிவக் கட்டைப் புரட்டினார்.

"சலவைக்காரிக்கு என்ன வந்திருக்கு?"

"பூஜ்யம் சார்."

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க?"

"நேத்தும் பூஜ்யம்தான் சார். நாற்பது நாளும்."

"கைக்குட்டை?"

"யாரும் எடுக்கலை சார்."

"பிடிக்காம எழுந்து வெளியவாவது போனாங்களா?"

"ஒருத்தரும் போகலை."

வெறுப்பதற்குக்கூட ஒரு உணர்ச்சி வேண்டுமே, அதுகூட இல்லையா என்று இடி சார் வருந்தினார். மேலாளர் அம்மா கடைசி நம்பிக்கையாக இருமல் உண்டா என்று விசாரித்தார். இருமல்கூட இல்லை என்று நான் ஒப்புக்கொண்டபோது அறையே துக்க வீடு ஆனது. அறுநூறு பேர் மூன்றரை நிமிடம் ஒரு இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பாட்டு எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்? தூங்கிவிட்டார்கள் போல என்றார் மேலாளர் அம்மா. ஒருவேளை அமைதியாகக் கேட்கிறார்களோ என்று இசையமைப்பாளர் இழுத்தார். அவர் இளைஞர், அனுபவம் போதாது.

"அமைதியை எப்படிய்யா எண்றது?" என்று கேட்ட இடி சார் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை சார்," என்றேன்.

அதோடு விஷயம் தெளிவாயிற்று. சலவைக்காரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராணியின் ஆவி வந்து இன்னொரு முறை சாகலாம் என்று இடி சார் திட்டம் சொன்னார். மேடை ஈரமாகவே இருக்கட்டும், ஆவிக்கு வழுக்காது. ஆனாலும் அவர் நியாயவான். என் அக்கா என்பதும் அவருக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சி. ஆறு படிவம். ஆறுல ஏதாவது ஒண்ணுல, ஒரே ஒரு தோள் ஆடியிருந்தாலும் போதும். பாட்டு இருக்கட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை."

இப்படி ஒரு தாராள மனசை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

நான் குடியிருப்பது அக்கா வீட்டில்தான். மறுநாள் காலை அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அழறவங்க எல்லாரும் ஆடிக்கிட்டேதான் அழணுமாடா?"

"அக்கா, அது அறிவியல்."

"நீ எப்போ அறிவியல் படிச்சே?"

மேதைகளின் வீட்டில் எப்போதும் இந்தப் பிரச்சினை உண்டு. பிறகு, தனக்காக நான் பொய் எதுவும் எழுத வேண்டாம் என்றாள். "ஒரே ஒரு தடவை முன்னாடி வந்து, அவங்க மூஞ்சியைப் பாத்துட்டு எழுது. அது போதும்."

"விதி நாலு இருக்கேக்கா."

"அப்போ இன்னைக்குச் சாப்பாட்டையும் அந்த விதி நாலு கிட்டயே கேட்டுக்கோ," என்றாள் அக்கா. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அன்று நான் வெளியில்தான் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காட்சிக்கு அரைமணி நேரம் முன்னால் மழைக்காரர் மேலேயிருந்து இறங்கி வந்தார். மேடைக்கு மேலே, முன்திரைக்கும் முன்னால், இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் அவர் மழை பெய்விப்பார். அதிகம் பேசாத மனிதர். அன்று அவருடைய உதவியாளருக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதாம். இரண்டாவது குழாயைத் திறந்து மூட ஆள் வேண்டும், இல்லையென்றால் பாதி மேடையில்தான் மழை பெய்யும் என்றார். பாதி மழையில் ராணி முழுதாகச் சாக முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. இடி சார் சுற்றிலும் பார்த்தார். கையில் கருவி எதுவும் இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

"மேலேயிருந்து பாத்தா தோள் தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா முகமும் தெரியும்."

"கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்குங்க," என்றார் இடி சார்.

ஏணியில் ஏறினேன். பதினோரு வருடம் அறுநூறு பேரின் முதுகை மட்டுமே பார்த்தவன், அன்றுதான் அவர்களை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன். கண்ணைத் தாழ்த்தித்தான் வைத்திருந்தேன். ஆனால் மேலே இருப்பவன் கண்ணைத் தாழ்த்தினால் கீழே இருப்பவர்களின் முகம்தான் தெரியும். இதை விதி எழுதும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்பு பட்டது. ராணி படியில் கால் வைத்தாள். இடி இடித்தது. மழைக்காரர் சைகை காட்டினார், குழாயைத் திறந்தேன். பத்தாவது படியில் தோள்கள் குலுங்கத் தொடங்கின. எண்ணுவதற்காகப் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் கைப்பைக்குள் முகத்தையே விட்டிருந்தார். ஐந்தாவது வரிசை மொத்தமும் நிகழ்ச்சிப் புத்தகத்தால் முகத்தை மூடியிருந்தது. குதிரை வந்தது. அண்ணாந்து பார்த்தது. கண்ணீர் பீச்சியது. கோட்டுக்காரர் இருக்கைக்கு அடியில் குனிந்தார், ஏதோ விழுந்துவிட்ட மாதிரி. அவர் எழுந்திருக்கவே இல்லை.

"இவங்க..." என்று மழைக்காரரிடம் ஆரம்பித்தேன்.

"சிரிக்கிறாங்க," என்றார் மழைக்காரர்.

"எப்பயிலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. குதிரை வந்ததுக்கப்புறம் ரொம்ப."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தன்னிடம் படிவம் எதுவும் கொடுக்கவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுசும் புரிந்தது. சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே? முடியாது. ஒவ்வொருவரும் தன் முன்வரிசையைப் பார்க்கிறார். முன்வரிசைத் தோள்கள் குலுங்குகின்றன. அடடா, இவர்கள் இப்படி அழுகிறார்களே, நாம் மட்டும் இப்படி ஈரமில்லாத ஜென்மமாகச் சிரிக்கிறோமே என்று வெட்கப்பட்டு வாயைப் பொத்துகிறார். பொத்தியதும் அவர் தோள் குலுங்குகிறது. அதைப் பின்வரிசைக்காரர் பார்க்கிறார். அரங்கம் முழுக்க என்னுடைய முறையைத்தான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் இல்லாத பதிவாளர்கள் அறுநூறு பேர். முதல் வரிசைக்கு முன்னால் யாரும் இல்லைதான். ஆனால் அங்கே இடி சாரின் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அழுவதற்கென்றே வரவழைக்கப்பட்டவர்கள்.

ராணி ஒருவழியாகச் செத்தாள். குழாயை மூடினோம். திரை விழுந்தது. கீழே அக்கா வாளியோடு வந்து உட்கார்ந்தாள்.

நேர் மேலே இருந்ததால் எனக்கு அவளுடைய வகிடும் கைகளும் மட்டும் தெரிந்தன. பாட ஆரம்பித்தாள். கோட்டுக்காரர் இருக்கைக்கு அடியிலிருந்து எழுந்தார். முதல் வரி முடிவதற்குள் அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. கிள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையைக் கோத்துக்கொண்டார்கள். புத்தகங்கள் இறங்கின. 'உடுத்தினவ போயிட்டா' என்று அக்கா பாடியபோது கோட்டுக்காரரின் கன்னத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கையைத் தூக்கினால் சட்டை சரசரக்குமே என்று பயந்தவர் மாதிரி இருந்தார். கைப்பை அம்மாளும் துடைக்கவில்லை. ஒருவரும் துடைக்கவில்லை. அறுநூறு பேர், மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. அழுகிறார்கள். ஒரு தோள்கூட அசையவில்லை.

இல்லை. ஒன்று அசைந்தது. பாலத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தும் என் தோள் இரண்டு தடவை குலுங்கியது. கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றித் துடைக்கலாம் என்று குனிந்தேன். இரண்டு சொட்டு கீழே போயிற்று. அக்கா சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது, பாட்டு நிற்கவில்லை. வாளியில் தண்ணீர் சொட்டியது.

காட்சி முடிந்து இடி சார் அறையில் கூடினோம். ஐந்து பதிவாளர்களும் படிவத்தை வைத்தார்கள். சலவைக்காரி: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஆறாவது என்னுடையது. என் கையிலேயே இருந்தது.

இடி சார் என்னைத்தான் கேட்டார். "ராணிக்கு?"

"நானூத்து எண்பது சார்."

"குதிரைக்கு?"

"ஐநூத்துப் பதினாறு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு துடித்தது. இந்த மனிதர் உண்மையிலேயே அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? "சலவைக்காரிக்கு?"

ஒரே ஒரு தோள் போதும் என்று அவரே சொல்லியிருந்தார். ஒரு தோள் இருந்தது. அது யாருடையது என்று கேட்பார். சொன்னால், ஏன் குலுங்கியது என்று கேட்பார். அதைச் சொன்னால் கோட்டுக்காரர் முகத்தைச் சொல்ல வேண்டும், முகத்தைச் சொன்னால் கைக்குட்டையைச் சொல்ல வேண்டும், கைக்குட்டையைச் சொன்னால் பதினோரு வருடப் படிவக் கட்டுகளை என்ன செய்வது? என் பலகையைக் கழற்றினால் அந்த அறையில் மிச்சம் இருப்பது துடைப்பம்தான். ஒரு விஞ்ஞானியின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று அந்த நொடியில் உணர்ந்தேன். நல்லவேளையாக விதி ஆறு ஞாபகம் வந்தது. பதிவாளர் பார்வையாளர் ஆகார்.

"பூஜ்யம் சார்," என்றேன்.

"குறிப்பு ஏதாவது?"

"பாட்டு நடுவுல மேலேயிருந்து ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்தது சார். குழாய்க் கசிவு."

மழைக்காரருக்கு மெமோ போயிற்று. சலவைக்காரி நீக்கப்பட்டாள். ராணியின் ஆவி சாகத் தொடங்கியது. டிக்கெட் கவுண்டரில் சிலர் அந்த வாளி எங்கே, அந்த வாளிக்காரம்மா எங்கே என்று கேட்டார்களாம். 'வாளி பற்றிய விசாரணை: பதினேழு' என்று பதிவு செய்து, வாளி பத்திரமாக இருக்கிறது என்று அறிவிப்பு ஒட்டினோம்.

அக்காவை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. எங்கள் நிர்வாகத்தின் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவளுக்குக் குதிரையில் இடம் கொடுத்தார்கள். பின்னங்கால். ரப்பர் பந்தும் அவள் பொறுப்பு. அவள் தாளம் தெரிந்தவள் இல்லையா, பாட்டுக்குச் சரியாக அமுக்குகிறாள். தோள்கள் ஐநூற்று அறுபதைத் தொட்டுவிட்டன. "இப்படி ஒரு கலைஞரை இத்தனை நாள் பாட வச்சே வீணடிச்சிட்டோமே" என்று இடி சார் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அக்கா குதிரைக்குள் இருந்ததால் அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து விடுமுறை நாள் காலையில், தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னாள்.

"மழைக்காரர் வந்திருந்தார். ராணி செத்ததுமே ரெண்டு குழாயையும் மூடிட்டாராம். கசியறதுக்கு அதுல ஒண்ணும் இல்லைங்கறார்."

"பழைய குழாய்க்கா."

"மழைத்தண்ணி சில்லுன்னு இருக்கும்டா. நாற்பது நாள் அந்த ஈரத்துலதான் உக்காந்து பாடினேன், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு என் கையில விழுந்தது சுட்டுது." ஒரு தட்டைக் கழுவி வைத்தாள். "அண்ணாந்து பாக்கலை. பாட்டு நின்னுடும்னு. போதும், இவன் பாத்துட்டான், இனிமே பயமில்லைன்னு நினைச்சேன்."

நான் தேநீரைப் பார்த்தேன்.

"சரி, கசிவுன்னு எழுதினே. எத்தனை சொட்டுன்னு எழுதினே?"

"ரெண்டு."

"கணக்குல மட்டும் கெட்டிக்காரன்டா நீ," என்றாள் அக்கா.

குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பாத்திரம் எதையும் அவள் எடுக்கவில்லை. பிறகு அவளுடைய தோள்கள் குலுங்கின. இரண்டும். கிடுகிடுவென்று.

பதினோரு வருட அனுபவம் எனக்கு. லட்சக்கணக்கான தோள்களை எண்ணியவன். அவள் அழுகிறாளா, இல்லை என்னை நினைத்துச் சிரிக்கிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நான்கு எட்டு வைத்தால் முன்னால் போய் முகத்தைப் பார்த்துவிடலாம்.

நான் எழுந்திருக்கவில்லை. விதி நான்கை நான் எதற்காக எழுதினேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. முகம் நடிக்கும் என்பதெல்லாம் சும்மா. முகம் திரும்பி நம்மைப் பார்த்துவிடும்.